நல்லது இருக்கிற இடம்

செம்பாக்கம் ஏரிக்கு மேற்கே, அம்புஜம் நகர் நான்காவது குறுக்குத் தெரு, ஒன்பதாம் எண் வீட்டில் யாராவது ‘நல்லது’ என்று சொன்னால் ஒரு நல்ல பாம்பு வரும். ஒரு தடவை சொன்னால் ஒன்று, இரண்டு தடவை சொன்னால் இரண்டு. ‘நல்ல’ என்றாலோ ‘நல்லா’ என்றாலோ ஒன்றும் வராது, தாராளமாகச் சொல்லலாம். ‘நல்லது’ என்று முழுசாக வாயில் வர வேண்டும். வந்தது சொந்தக்காரர்போல மூன்று நாள் இருக்கும். பிறகு சமையலறைக்குப் பின்னால் இருக்கிற சாக்கடை மூடி வழியாகப் போய்விடும். இது 2015 டிசம்பரிலிருந்து நடக்கிறது. தெருவில் எல்லோருக்கும் தெரியும், குப்பை வண்டிக்காரருக்குக்கூடத் தெரியும். தெரியாதவர்கள்தான் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

வீட்டுக்காரர் ஸ்ரீநிவாசராகவன். ரயில்வே ஆபீசில் கடிதப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் உட்கார்ந்து எழுந்தவர். அவர் யாரையும் கட்டிப்பிடித்ததில்லை, தட்டிக்கொடுத்ததில்லை. பெற்ற பெண்ணிடம்கூட ஆசையாக நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் எந்தப் பேச்சானாலும் கடைசியில் ‘நல்லது’ என்று சொல்லித்தான் முடிப்பார். பால்காரனிடம் நல்லது, மேலதிகாரியிடம் நல்லது, மனைவி பட்டு, ரசத்தில் உப்பு குறைச்சல் என்று ஒப்புக்கொண்டால் அதற்கும் ஒரு நல்லது. மற்றவர்கள் அன்பு, ஆசீர்வாதம், கவலை என்று தனித்தனியாக வைத்திருப்பதை எல்லாம் அந்த மனுஷன் அந்த ஒரே வார்த்தைக்குள் போட்டு வைத்திருந்தார். அதிலேதான் வந்தது வினை.

மனை வாங்கியது 1998இல். அப்போது அங்கே நகரும் இல்லை தெருவும் இல்லை. ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலை வாங்கி, கல் நட்டு, மஞ்சள் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். மனை காட்டுகிற வேலை சவுரிமுத்துவுக்கு. அந்த வயலில் அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக நெல் நட்டது. மனை போட்டு விற்ற கம்பெனிக்காரன் பேச்சு என்றால் எல்லா மனையும் கிழக்குப் பார்த்த மனைதான். சவுரிமுத்து சர்ச்சுக்குப் போகிற ஆள், பொய் சொல்ல வராது. ஒன்பதாம் எண் மனையின் மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு புற்று இருந்தது. அதைக் கையால் காட்டி, “சார், மத்தது எல்லாம் பேஜார் இல்ல. இங்க மட்டும் நல்லது கீது சார். யோசிச்சுக்கோ” என்றார்.

வயலில் வேலை செய்கிறவர்கள் பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள், பேரைச் சொன்னால் வந்துவிடும் என்று. மற்றதெல்லாம் பூச்சி. நல்ல பாம்பு மட்டும் ‘நல்லது’. ‘நல்லது போவுது, பார்த்து நட’ என்பார்கள், ‘நல்லது தொட்டுடுச்சு’ என்பார்கள். மாம்பலத்தில் வாடகைக்கு இருந்துவிட்டு மனை பார்க்க வந்த ஸ்ரீநிவாசராகவனுக்கு இது எங்கே தெரியும்? அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா பட்டு, உழுத மனுஷன் வாயாலயே நல்லது இருக்குன்னு வந்துடுத்து” என்றார். “அப்ப யோசிக்காதீங்கோ, இதையே முடிச்சுடுங்கோ” என்றாள் பட்டு. அவர் சவுரிமுத்து பக்கம் திரும்பி, திருப்தியாக, “நல்லது” என்றார். சவுரிமுத்து அசந்துபோனார். பாம்பு மேலே படுத்திருக்கிற சாமியைக் கும்பிடுகிறவர்கள், இவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்போல என்று நினைத்துக்கொண்டு, அடுத்த மனையைக் காட்டப் போய்விட்டார்.

புற்றின் மேல் ஒன்பது லாரி செம்மண் கொட்டி, திம்ஸ் கட்டையால் இடித்து இறுக்கி, 2001இல் வீடு எழும்பியது. புற்று இருந்த இடத்தில் சமையலறை. கிருஹப்பிரவேசத்தன்று வந்தவர்கள் எல்லாம் நல்லது நடக்கட்டும், நல்லது நடக்கட்டும் என்று வாய் வலிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒன்றும் வரவில்லை. பதினாலு வருஷம் ஒன்றும் வரவில்லை. ஒன்பது லாரி மண்ணுக்குக் கீழே காது கேட்கவில்லை, அவ்வளவுதான். பிறகு அந்தப் பெரிய வெள்ளம் வந்தது. நாலு நாள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று, வடிந்தபோது, டைல்ஸ் எல்லாம் உப்பிக்கொண்டு, சமையலறையிலிருந்து கூடம் வரைக்கும் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு விட்டிருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் சுப்ரஜா அன்றைக்குத்தான் போன் கிடைத்துக் கூப்பிட்டாள். “தண்ணி வடிஞ்சுடுத்தாப்பா?” “வடிஞ்சுடுத்தும்மா. நல்லது.” போனை வைத்துவிட்டுத் திரும்பினால், சாய்ந்து கிடந்த ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து ஒரு நல்ல பாம்பு வந்து, கூடத்து நடுவில் படம் எடுத்து நின்றது. சீறவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டீர்களே, என்ன விஷயம் என்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

தீயணைப்பு வண்டி வந்தது. பாவம், நல்ல பிள்ளைகள், ஐந்து நிமிஷத்தில் பிடித்துச் சாக்கில் போட்டுக் கட்டினார்கள். “இனிமே பயப்படாதீங்க சார்” என்றார்கள். “நல்லது” என்றார் இவர். பூஜை அலமாரிக்கு அடியிலிருந்து இன்னொன்று வந்தது. அதையும் பிடித்துக்கொண்டு வண்டலூர் காட்டில் விடக் கிளம்பினார்கள். வண்டி பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் இரண்டும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வந்து சுருண்டிருந்தன. வண்டலூரில் சாக்கைப் பிரித்தவர்கள் சாக்கை உதறிப் பார்த்து, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு திரும்பினார்கள். இப்படி ஏழு தடவை. ஏழாவது தடவை அவர்களே, “சார், மூணு நாள்தானே, இருந்துட்டுப் போகட்டுமே” என்று சொல்லிவிட்டார்கள். ஆராய்ச்சி செய்கிறேன் என்று கேமராவோடு ஒருவர் வந்தார். தரைச்சூடு, ஈரப்பதம், எலி நடமாட்டம் எல்லாம் எழுதிக்கொண்டு, வாசலில் நின்று “நல்லது சார், ரிப்போர்ட் அனுப்பறேன்” என்றார். அவருடைய ஷூவுக்குள் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஷூவை விட்டுவிட்டு சாக்ஸோடு போனவர், ரிப்போர்ட்டும் அனுப்பவில்லை.

விஷயத்தை உடைத்தவர் சவுரிமுத்துதான். அப்போது அவர் தெருவில் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தார். கேனை இறக்கிவிட்டு, கூடத்தில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“அன்னைக்கே சொன்னேனே சார், நல்லது கீதுன்னு!”

“நல்லது இருக்குன்னுதானே சொன்னே?”

“அதான் சார் நல்லது!”

“ஏம்ப்பா, நல்லதுன்னா நல்லது இல்லையா?” என்று பட்டு உள்ளேயிருந்து கேட்டாள்.

ஏற்கெனவே இருந்ததோடு சேர்த்து ஆறு ஆகிவிட்டது. சவுரிமுத்து நாற்காலி மேல் ஏறி நின்று, அதற்குப் பிறகு ஜாடையிலேயே விளக்கினார். நூறு வருஷமாக இதுகளை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், அதுகள் என்ன செய்யும், கூப்பிட்டால் வருகிறது. கடித்துக் கொல்கிற ஜந்து எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் மரியாதைக்கு வந்து நிற்கிறது என்றால், அதை யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

விஷம் இல்லாத பாம்பு என்று நினைத்துவிடக் கூடாது. பக்கத்து வீட்டு சத்யநாராயணன், நகர் சங்கத்துச் செயலாளர், அவருடைய நாய் 2017இல் சுவர் தாண்டி வந்து ஒன்றைக் குரைத்து வம்புக்கு இழுத்தது. அரை மணி நேரத்தில் வாயில் நுரை தள்ளிச் செத்தது. வீட்டு மனுஷரை ஒன்றும் இதுவரைக்கும் தொட்டதில்லை. பட்டு அந்த ‘இதுவரைக்கும்’ என்ற வார்த்தையை வைத்துக்கொண்டுதான் சமைத்தாள், குளித்தாள், துணி உலர்த்தினாள். செருப்பை உதறிப் போடுவது, தலையணையைத் தூக்கிப் பார்ப்பது, அரிசி டப்பாவைத் தட்டித் திறப்பது என்று எல்லாமே இரண்டு வேலையாகிவிட்டது. விற்றுவிட்டுப் போகலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். யாருக்கு விற்பது, என்ன சொல்லி விற்பது? ‘நல்லது இருக்கு’ என்று இவரும் இன்னொருவரிடம் சொல்வதா?

ஆகவே வீட்டில் அந்த வார்த்தை நிறுத்தப்பட்டது. கேட்டில் ‘தயவுசெய்து அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள்’ என்று போர்டு மாட்டினார்கள். வருகிறவர்கள் எல்லாம், “எந்த வார்த்தை சார்?” என்று கேட்டார்கள். எதைச் சொல்லுவது! தேர்தல் சமயத்தில் ஒரு வேட்பாளர் போர்டைக் கவனிக்காமல் கேட்டுக்குள் வந்து நின்று, உங்களுக்கு நல்லது செய்வேன், உங்கள் பிள்ளைகளுக்கு நல்லது செய்வேன் என்று ஐந்து நிமிஷம் பேசினார். பதினொன்று வந்தன. ஜெயித்ததும் தோற்றதும் வேறு விஷயம், சொன்னதை அங்கேயே செய்து காட்டிய ஒரே வேட்பாளர் அவர்தான் என்று சத்யநாராயணன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். சுப்ரஜா கல்யாணம் செய்துகொண்ட ராகவேந்திரா பெங்களூர்க்காரர். அவர் கன்னடத்தில் ‘ஒள்ளேது’ என்பார், ஒன்றும் வராது. மாமனாரும் கொஞ்ச நாள் ஒள்ளேது சொல்லிப் பார்த்தார். வாயில் ஒட்டவில்லை. கடைசியில் ‘ஓகே’யில் வந்து நின்றார்.

வெளியூரில் சொன்னால் பரவாயில்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2016இல் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பட்டுவுக்கு முட்டி வலி, இவர் மட்டும் போனார். மண்டபத்தில் பழைய ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் பேரன் பிறந்திருக்கிறான் என்றதும் பழக்க தோஷம், “நல்லது” என்றுவிட்டார். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பட்டு குக்கர் வைத்துக்கொண்டிருந்தாள், அடுப்பு மேடைக்குக் கீழே வந்து நின்றது. மற்றவர்கள் கேட்டுக்கு உள்ளே நின்று சொன்னால்தான் வரும், அவர் வாய் மட்டும் எங்கிருந்து சொன்னாலும் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் காலையில் அவர் திரும்பி வரும்வரை பட்டு மேடை மேலேயே உட்கார்ந்திருந்தாள். கோபப்படவில்லை. “இன்னொரு தரம் சொன்னேள்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்” என்று மட்டும் சொன்னாள். அவர் பெருமாள் படத்துக்கு முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்து கொடுத்தார்.

பட்டுவுக்கு முன்பே இதையெல்லாம் அறிந்தவள் கங்கம்மா. வீட்டு வேலைக்கு வருகிறவள், ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குடிசையில் இருப்பவள். அவள் வாயில் அந்த வார்த்தை வந்து வருஷக்கணக்காகிறது என்பதை யாரும் கவனித்திருக்கவில்லை. ஒரு நாள் பட்டு கேட்டபோது, துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த வார்த்தை வருகிற இடத்தில் மட்டும் கையைப் படம்போல விரித்துக் காட்டிச் சொன்னாள். 2003இல் அவள் புருஷனை ஏரிக்கரையில் கடித்துவிட்டது. விளக்கு வைத்த நேரம், பேரைச் சொல்லக் கூடாது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய், ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில், அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவன்போல இருந்த சின்னப் பையன் டாக்டரிடம், “நல்லது தொட்டுடுச்சு சார், நல்லது தொட்டுடுச்சு சார்” என்று அழுதாள். “நல்லதுதானேம்மா, அதுக்கு ஏன் அழறே? குடிச்சிருக்காரா?” என்றான் அவன். ஊசி போட வேண்டிய நேரத்தில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். “பாம்புன்னு ஒரு வார்த்தை மாமி. அத்த சொல்லாம வுட்டேன். சொல்லிருந்தா பொழச்சிருப்பாரு.” சொல்லிவிட்டு மறுபடியும் பெருக்க ஆரம்பித்தாள். பட்டு அன்றைக்கு அவளுக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள், வேறு என்ன செய்ய முடியும்?

இப்போது சுப்ரஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போனபோது அப்பா வாசலில் நின்று “நல்லது” என்றார். கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போனபோது நல்லது, பெங்களூர் ரயிலில் ஏற்றிவிட்டபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நல்லது. அவர் அதற்கு மேல் பேச மாட்டார், அவளும் எதிர்பார்க்க மாட்டாள். அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அவளுக்குக் கால் தரையில் ஊன்றும். 2018இல் உண்டாகியிருக்கிறேன் என்று போன் செய்தாள். அந்த வார்த்தை அவருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பட்டுவைப் பார்த்தார். “ஓகேம்மா” என்று வைத்துவிட்டார். பதினோராவது வாரம் கலைந்துபோயிற்று. 2020இல் மறுபடியும் போன். மறுபடியும் “ஓகேம்மா.” இந்தத் தடவை ஐந்தாம் மாசம். அவளுக்குப் பாம்பு விஷயமெல்லாம் தெரியும், அப்பாவை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அம்மாவிடம் மட்டும் ஒரு தரம், “ரெண்டு தடவையும் அப்பா ஓகேன்னு சொல்லித்தாம்மா வச்சார்” என்றாள். பட்டு அதை ஒரு வருஷம் மனசிலேயே வைத்திருந்தாள். பிறகு தாங்க முடியாமல் அவரிடம் சொன்னாள். அவர் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். வாயைத் திறந்து அழக்கூட அவருக்குப் பயமாக இருந்தது.

2023இல் மூன்றாவது தடவை உண்டானபோது சுப்ரஜா போனில் சொல்லவில்லை. ஏழாம் மாசம் நேராகப் பெட்டியோடு வந்து நின்றாள். பிரசவம் இங்கேதான் என்றாள். “இங்க எப்படிடி, இந்த ஆத்துலயா?” என்று பட்டு தலையில் கை வைத்தாள். பெண் கேட்கவில்லை. சீமந்தத்துக்கு வந்த பெரியவர்களிடம் சீட்டில் எழுதிக் காட்டி, வாயைக் கட்டச் சொல்லி, ஒன்றும் வராமல் நடத்தி முடித்தார்கள். ஆசீர்வாதம் இல்லாத சீமந்தமாகப் போயிற்றே என்று ஒரு மாமி முணுமுணுத்தாள். முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

டிசம்பரில் மறுபடியும் மழை கொட்டியது. தெருவில் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே டிராக்டர் ஒன்றைப் பிடித்து, சுப்ரஜாவைக் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூடப் பட்டுவும் ராகவேந்திராவும் ஸ்ரீநிவாசராகவனும். வீட்டில் கங்கம்மா நின்றாள். சாமானை எல்லாம் பரண் மேல் ஏற்ற வேண்டும், பிள்ளை வரப்போகிற வீடு, துடைத்துச் சுத்தமாக வைக்க வேண்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் போங்க என்றாள். அன்றைக்கு வீட்டில் ஒரு பாம்பும் இல்லை. மறுநாள் தெருவில் தண்ணீர் கழுத்தளவுக்கு ஏறியது, வீட்டு வாசற்படியில் மூன்றாவது படிவரை நின்றது.

அன்று காலை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெளியே வந்து, குழந்தையின் துடிப்பு இறங்குகிறது, உடனே ஆபரேஷன் பண்ணி எடுக்க வேண்டும் என்றார். கையெழுத்து வாங்கினார்கள். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும்போது சுப்ரஜா அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அப்பா, ஓகேன்னு மட்டும் சொல்லாதேப்பா.”

வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் சட்டையை விடுவித்துக்கொண்டு, இரண்டு நிமிஷம் இருங்கோ, இரண்டே நிமிஷம் என்று நர்ஸைக் கும்பிட்டுவிட்டு, வராந்தாவுக்கு ஓடிப்போய் வீட்டுக்குப் போன் போட்டார்.

“கங்கம்மா, எங்கே இருக்கே?”

“கிச்சன்ல சார், தொடச்சிகினு கீறேன். பாப்பாக்கு எப்டி கீது?”

“நீ கொஞ்சம் வெளியே போக முடியுமா?”

“எங்க சார் போறது? கேட்டாண்ட எறங்குனா கழுத்து வரைக்கும் தண்ணி.”

  கங்கம்மா துணியைப் பிழிந்து போட்டுவிட்டு, மெதுவாக, “பாப்பாக்கு அத்த சொல்லணுமா சார்?” என்றாள்.

“உன்னை அங்க வச்சுண்டு நான் எப்படிம்மா சொல்லுவேன்?” என்று அந்த வராந்தாவில் எழுபது வயது மனுஷர் வாய்விட்டு அழுதார்.

“அய்ய, இன்னா சார் நீ, இந்த நேரத்துல அழுதுகினு. நான் மேடை மேல ஏறிக்கிறேன். அன்னிக்கு அந்த வார்த்தைய சொல்லி எங்கூட்டுக்காரரக் கோட்ட வுட்டேன். இன்னிக்கு அத்தையே சொல்லி ஒரு உசுரு வரட்டுமே. சொல்லு சார். நல்லதுன்னு சொல்லு.”

இருபது வருஷத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்தது. போனில் ஒரு பாத்திரம் உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. “வந்துச்சு சார், வந்துச்சு. நீ போ, சீக்கிரம் போ” என்றாள்.

அவர் ஓடினார். பட்டு கட்டில் அருகே நின்றிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஏழு வருஷத்துச் சத்தியம். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். ஆபரேஷன் தியேட்டர் கதவு பாதி திறந்திருக்கும்போது, “நல்லது, சுப்ரஜா” என்றார். “நல்லதும்மா. நல்லது. நல்லது.” கதவு மூடிய பிறகும் நிறுத்தவில்லை. நாற்பது நிமிஷம் சொன்னார். ஏதோ மந்திரம் என்று நினைத்து பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் ராகவேந்திரா தன் பங்குக்கு ஒள்ளேது, ஒள்ளேது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பட்டு புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அவர் ஒவ்வொரு தடவை சொன்னபோதும் அவளுக்குத் தன் சமையலறை தெரிந்தது, மேடை மேல் காலை மடக்கிக்கொண்டு கங்கம்மா தெரிந்தாள். கையை எடுத்து அவர் வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது. பொத்தவில்லை.

கங்கம்மா அறுபது வரைக்கும் எண்ணினாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். வெடிப்பிலிருந்து வந்தது, சிங்க்குக் குழாயிலிருந்து வந்தது, கிரைண்டருக்குப் பின்னாலிருந்து வந்தது. தரை தெரியவில்லை. அவற்றில் ஒன்று எழும்பி, மேடைக்கு மேலே தலையை வைத்து, அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் படம் விரித்து நின்றது. ஓட வழியில்லை, கத்தினால் கேட்க ஆளில்லை.  பிறகு, ஏன் என்று அவளுக்கே தெரியாது, இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தச் சின்னப் பையன் டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டியதை அதனிடம் சொன்னாள். “பாம்பு. பாம்பு சார். எங்கூட்டுக்காரரப் பாம்பு கடிச்சிடுச்சு.” அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னாள். அது கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, படத்தைச் சுருக்கிக்கொண்டு கீழே இறங்கியது. சாயங்காலம் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வடிந்ததும் சவுரிமுத்து கேன் வண்டியில் நீளக் கழியோடு வந்து, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மாதாவே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

குழந்தை நீலம் பாரித்து வெளியே வந்து, இரண்டு நிமிஷம் அழாமல் கிடந்து, பிறகு அழுதது. பெண் குழந்தை. சரியான நேரத்துக்கு எடுத்தோம், அதனால் பிழைத்தது என்றார் டாக்டரம்மா. இருக்கலாம், யார் கண்டது? ஸ்ரீநிவாசராகவன் ஒன்றும் வாதாடவில்லை. அவருக்கு வாயை மூட முடியவில்லை. குழந்தை பால் குடித்தது என்றால் நல்லது, தூங்கியது என்றால் நல்லது, ஒன்றுக்குப் போனது என்றால் அதற்கும் நல்லது. ஏழு வருஷமாக அடைத்து வைத்திருந்தது அணை உடைந்ததுபோல வந்துகொண்டிருந்தது. பட்டுவும் தடுக்கவில்லை. ஆகவே ஆறாம் நாள் குழந்தையோடு வீட்டுக்கு வந்தபோது, முதலில் வந்தவை போய், பின்னால் வந்தவை முப்பதுக்குக் குறையாமல் கூடத்திலும் சமையலறையிலும் இருந்தன.

கங்கம்மா வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். கேட்டிலிருந்து படுக்கை அறை வரைக்கும் கோலப்பொடியால் இரண்டு பக்கமும் கோடு இழுத்து, ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு வழி போட்டு வைத்திருந்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை. “இப்டியே நேரா வா பாப்பா. கோட்ட வுட்டு எறங்காத, அவ்ளோதான்” என்றாள். சுப்ரஜா குழந்தையை இறுக்கிக்கொண்டு, தரையை மட்டும் பார்த்து நடந்து உள்ளே போனாள். குழந்தைக்கு ஸ்ம்ருதி என்று பேர் வைத்தார்கள். மூன்று மாசம் அந்த வீட்டில் வளர்ந்தாள். கங்கம்மா தினமும் காலையில் இரண்டு கோலம் போட்டாள், ஒன்று வாசலில், ஒன்று தொட்டிலைச் சுற்றி. சத்யநாராயணன் சங்கத்துக் கூட்டத்தில் பேச்சை எடுத்தார், எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, டீ சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

இப்போதும் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பெங்களூரிலிருந்து போன் வரும். ஸ்ம்ருதிக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, போனில் கத்துவாள், கன்னடமும் தமிழும் கலந்து ஏதோ சொல்வாள். சளி, ஸ்கூல் அட்மிஷன், பட்டுவின் முட்டி வலி எல்லாம் பேசுவார்கள். தினம் ஒன்று, ஒன்றுக்கு மூன்று நாள், ஆகவே வீட்டில் எப்போதும் மூன்று இருக்கும். ஒன்று ஃபிரிட்ஜுக்குப் பின்னால், ஒன்று சிங்க்குக்கு அடியில், மூன்றாவது எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பேச்செல்லாம் முடிந்த பிறகும் சுப்ரஜா போனை வைக்க மாட்டாள். ஸ்ரீநிவாசராகவன் பட்டுவைப் பார்ப்பார். பட்டு இரண்டு காலையும் தூக்கிச் சோபா மேல் வைத்துக்கொண்டு, புடவையை முழங்காலோடு இழுத்துச் செருகிக்கொள்வாள்.

“ம், சொல்லுங்கோ” என்பாள்.